மரமும் உலோகமும்: மின்கிற்றாரின் உடல் பற்றியதொரு வரலாற்று நோக்கு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதியோருட் பலர் அதனைக் கலைஞரின் வரலாறாகவே எழுதிச் சென்றுள்ளனர். மின்கிற்றாரும் இதற்கு விலக்கன்று. அக்கருவியைப் பற்றிய நூல்கள் அதனை வாசித்துப் புகழெய்தியோரைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. அதன் மின்சுற்றைப் பற்றியும் ஓரளவு பேசுகின்றன. ஆனால், பலகையொன்றிலே இரும்பையும் பித்தளையையும் பதித்து, ஆறு தந்திகளின் இழுவிசையைப் பல்லாண்டுகள் தாங்கச் செய்தமை எவ்வாறு என்ற வினாவை அவை எழுப்புவது குறைவு. தச்சுத்தொழிலுக்குரிய இவ்வினா அற்பமானதாகத் தோன்றலாம். எனினும் அக்கருவியின் அமைப்பையும், அதனை உற்பத்தி செய்த முறையையும், இன்று எஞ்சியுள்ள பழங்கருவிகளின் நிலையையும் இதுவே பெருமளவு நிர்ணயித்துள்ளது. மின்கிற்றாரின் உடலில் உள்ள ஒவ்வொரு துளையும் ஒரு வரலாற்றுச் சான்றாகும்; அத்துளையைச் சிதைப்பவர் அச்சான்றையும் சிதைக்கின்றார். இக்கூற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலோகத்திலிருந்து மரத்திற்கு

மின்கிற்றாரின் தொடக்கம் மரத்தில் அமையவில்லை என்பது கவனத்திற்குரியது. 1931 ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் பீச்சம், அடொல்ப் ரிக்கன்பாக்கர் ஆகியோரின் முயற்சியால் உருப்பெற்று, 1932 இல் விற்பனைக்கு வந்த ஹவாய்க் கிற்றார் முழுவதும் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. வட்டமான சிறு உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்தமையால் அது 'பொரிக்கும் தாச்சி' எனப் பட்டப்பெயர் பெற்றது. தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருளே மின்னலையாக மாற்றிவிடும் என்ற நிலையில், ஒலியைப் பெருக்குவதற்கென ஒரு மரப்பெட்டி தேவைப்படவில்லை. உலோகத்தோடு உலோகம் பொருந்துமிடத்தில் திருகாணி உறுதியாக நிற்கும். அளவும் துல்லியமாக அமையும்.

ஆயினும் அலுமினியம் வெப்பத்தால் விரிந்தது, குளிரால் சுருங்கியது. மேடை விளக்குகளின் வெம்மையில் கருவியின் சுருதி நிலைகுலைந்தது. 1935 இல் அதே நிறுவனம் பேக்கலைற்றால் உடலமைந்த கருவிகளை வெளியிட்டமை இக்குறைக்குத் தீர்வு தேடிய முயற்சியே எனலாம். மறுபுறத்தில், கிப்சன் நிறுவனம் 1936 இல் வெளியிட்ட இ.எஸ். 150 என்னும் கருவி பழைய மரபையொட்டிய உள்ளீடற்ற மரப்பெட்டியையே கொண்டிருந்தது. 1939 இல் பென்னி குட்மனின் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்ரியன் அதனைப் பயன்படுத்தி மின்கிற்றாருக்குத் தனிவாத்தியத் தகுதியைத் தேடித்தந்தார். எனினும் ஒலிபெருக்கியின் ஓசையால் அப்பெட்டியும் அதிர்ந்து ஊளையிடும் குறை அவ்வகைக் கருவிகளைவிட்டு நீங்கவில்லை.

உலோகம் சுருதியைக் கெடுத்தது, மரப்பெட்டி ஊளையிட்டது. உள்ளீடு கொண்ட திண்மரமே இவ்விரண்டிற்கும் விடையாக அமைந்தது. 1940 - 41 காலப்பகுதியிலே லெஸ் போல் என்னும் கலைஞர் நியூயோர்க்கில் எப்பிபோன் தொழிற்சாலையிற் சமைத்த கருவி இதற்கு நல்ல உதாரணம். நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டையொன்றிலே கழுத்தையும் காந்தச் சுருளையும் பொருத்தி, பார்வைக்குக் கிற்றார்போலத் தோன்றவேண்டுமென்பதற்காக இருபுறமும் பழைய கிற்றாரொன்றின் அரைப்பகுதிகளை அவர் ஒட்டினார். 'மரக்குற்றி' என்றே அது பெயர் பெற்றது. 1948 இல் மேர்ல் ட்ராவிஸ் என்னும் பாடகருக்காகப் போல் பிக்ஸ்பி செய்தளித்த கருவியும் இவ்வழியில் வந்ததே.

திண்மரம் எழுப்பிய புதுச் சிக்கல்

உள்ளீடற்ற பழைய கிற்றாரில் தந்திகளின் இழுவிசை பெட்டியின் அடிவிளிம்பிற் கொளுவிய உலோகத் தகட்டினாலோ, பசையால் ஒட்டப்பட்ட குதிரையினாலோ தாங்கப்பட்டது. திண்மரக் கருவியில் இக்கடமை நேரடியாகத் துளைகளுக்கு வந்து சேர்ந்தது. வழக்கமான ஆறு உருக்குத் தந்திகள் சுருதி கூட்டப்பட்ட நிலையில் ஏறத்தாழ 45 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசையோடு இழுக்கின்றன. இவ்விசை இரவும் பகலும் ஓய்வதில்லை. குதிரையைத் தாங்கும் ஆணி ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்கு சாய்ந்தாலும் சுருதி பிழைக்கும்.

இரும்பு எத்திசையிலும் ஒரே தன்மையது, மரம் அத்தகையதன்று. ஈரப்பதன் மிகும்போது மரம் தன் நார்த்திசைக்குக் குறுக்காக விரிவடையும். நார்வழியே ஏற்படும் மாற்றம் மிகச் சொற்பமானது. இதனால் வட்டமாகத் துளைத்த துளை பருவகாலத்திற்கேற்பச் சற்றே நீள்வட்டமாகின்றது. அதனுள் இருக்கும் உலோகமோ ஈரத்தால் மாறுவதில்லை. மரம் உலர்ந்து சுருங்கும்போது துளையும் குறுக்கே சுருங்க முனைகின்றது. உள்ளிருக்கும் உலோகம் இடங்கொடுப்பதில்லை. அந்நெருக்கடி ஈற்றில் நார்வழிப் பிளவாக வெளிப்படும். ஆகவே மிக இறுக்கமான பொருத்து எதிர்காலப் பிளவொன்றின் வித்தாகலாம். தளர்வான பொருத்தோ இழுவிசைக்கு இணங்கிச் சாயும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சரியான இறுக்கம் எது என்பதே திண்மரக் கிற்றாரைச் செய்தோர் எதிர்கொண்ட அடிப்படைப் பிரச்சினையாகும்.

மரத்தையும் உலோகத்தையும் இறுக்கிப் பிணைக்கும் கலை மனிதருக்குப் புதியதன்று. உலக்கைக்குப் பூண் இடுவதும், வண்டிச் சில்லுக்குக் காய்ச்சிய இரும்பு வளையத்தைப் பூட்டுவதும் அக்கலையின் பழைய வடிவங்களே. அங்கெல்லாம் உலோகம் வெளியே நின்று மரத்தை அணைக்கின்றது. மரம் பிளவுறாமற் காக்கின்றது. கிற்றாரிலே உலோகம் உள்ளே நின்று மரத்தை வெளிநோக்கித் தள்ளுகின்றது. காப்பாக இருந்த உலோகம் இங்கே ஆப்பாகிவிடுகின்றது. பழைய கைத்திறன் அப்படியே உதவாமற்போனமைக்கு இதுவே காரணமாகும்.

இரு நகரங்கள், இரு விடைகள்

இப்பிரச்சினைக்கு அமெரிக்காவின் இரு நகரங்களிலிருந்து இருவேறு விடைகள் கிடைத்தன. கலிபோர்ணியா மாநிலத்தின் புல்லற்றன் நகரில் லியோ ஃபெண்டர் 1938 முதல் வானொலி திருத்தும் கடையொன்றை நடத்திவந்தார். அவர் தச்சருமல்லர், கிற்றார் வாசிப்பவருமல்லர். பழுதடைந்த பகுதியைக் கழற்றிப் புதியதைப் பூட்டுதல் என்னும் திருத்துநரின் சிந்தனையே அவருடைய கருவியின் அமைப்பாயிற்று. 1950 இல் எஸ்குவயர், புறோட்காஸ்ரர் என்னும் பெயர்களில் வெளிவந்து, 1951 இல் ரெலிகாஸ்ரர் எனப் பெயர்பெற்ற அக்கருவியின் கழுத்து பசையால் ஒட்டப்படவில்லை. உடலில் வெட்டிய பள்ளத்தில் அமர்த்தப்பட்டு, பின்புறமிருந்து நான்கு திருகாணிகளால் முடுக்கப்பட்டது.

அதன் தந்திகள் உடலினூடாகச் செல்கின்றன. உடலின் பின்புறத்தில் ஆறு துளைகளிலும் சிறு உலோகப் பூண்கள் பதிக்கப்பட்டுள்ளன. தந்தியின் அடிக்குமிழ் அப்பூணில் தங்குகின்றது. தந்தி இழுக்க இழுக்கப் பூண் தன் இருக்கையினுள்ளே மேலும் அமர்கின்றது. அதாவது, பூணை நிலைநிறுத்தும் பணியைத் தந்தியின் இழுவிசையே செய்துவிடுகின்றது. பூணைத் துளைக்குள் வலிந்து திணிக்கவேண்டிய அவசியம் இல்லை. பிரச்சினைக்குக் காரணமான விசையையே பிரச்சினையின் தீர்வாக மாற்றிய எளிமை இதிலே புலப்படுகின்றது.

மிச்சிக்கன் மாநிலத்தின் கலமசூ நகரில் அக்காலத்தில் இயங்கிய கிப்சன் நிறுவனத்தின் விடை வேறு. அங்கே வயலின் மரபையொட்டிய தச்சர் பரம்பரை இருந்தது. 1952 இல் வெளிவந்த லெஸ் போல் கிற்றாரின் உடல் மகோகனியால் ஆனது, மேற்பரப்பு மேப்பிள். கழுத்து துளைப்பொருத்தாகச் செதுக்கிப் பசையால் ஒட்டப்பட்டது. முதலில் அதன் தந்திகள் அடிவிளிம்பிற் கொளுவிய நீண்ட கம்பித் தாங்கியில் இணைக்கப்பட்டன. 1953 இன் பிற்பகுதியில் அத்தாங்கி நீக்கப்பட்டு, உடலின் முகப்பிலேயே இரு தடித்த ஆணிகளில் நிற்கும் உலோகத் தண்டு இடம்பெற்றது. தலைவர் ரெட் மக்கார்ட்டியின் பெயரோடு தொடர்புறும் சரிசெய்யத்தக்க குதிரையும் 1954 முதல் கிப்சன் கருவிகளிற் சேர்ந்தது.

இவ்வாணிகள் நேரே மரத்தில் திருகப்படுவதில்லை. மரத்தில் வெட்டிய புரி பலமுறை கழற்றிப் பூட்டினால் தேய்ந்துவிடும். எனவே உட்புறம் புரி வெட்டியதும் வெளிப்புறம் பற்கள் போன்ற வரைகள் கொண்டதுமான 'புஷ்' என்னும் உலோகக் குழல் முதலில் துளைக்குள் அழுத்தி இறக்கப்படுகின்றது; ஆணி அதற்குள் திருகப்படுகின்றது. தந்திகள் இவ்வாணிகளைக் கழுத்தை நோக்கி முன்னே இழுக்கின்றன. சற்றே மேலேயும் இழுக்கின்றன. ஃபெண்டரின் பூணைப்போல இழுவிசை இங்கே நட்பாகாது, பகையாகவே நிற்கும். ஆதலால் புஷ்ஷின் பிடி முழுவதும் இறுக்கத்தையே சார்ந்துள்ளது.

மேலும், தந்தி மீது விரல் பட்டதும் இரைச்சல் குறையவேண்டுமாயின் தந்திகள் மின்சுற்றின் புவித்தொடர்போடு இணைந்திருத்தல் வேண்டும். அதற்கான மெல்லிய கம்பியும் உடலினூடாக வந்து, புஷ்ஷிற்கும் மரத்திற்கும் இடையே நெரிக்கப்பட்டு நிற்கின்றது. ஒரு துளை தச்சு வேலைக்கும், இழுவிசைக்கும், மின்தொடர்புக்கும் ஒருங்கே பொறுப்பேற்கின்றது. அத்துளையிலே தவறு நேரின் மூன்றும் பாதிக்கப்படும்.

மெருகும் பெருகிய உற்பத்தியும்

துளையின் அளவு தச்சன் கையோடு முடிந்துவிடுவதில்லை. துளையிட்ட பின்னரே பெரும்பாலும் மெருகு பூசப்படுகின்றது. 1950 களில் மோட்டார் வாகனங்களுக்குரிய வண்ணங்களைக் கிற்றாருக்கும் பூசும் வழக்கம் ஃபெண்டர் நிறுவனத்திற் பரவியது. அக்கால நைத்திரோசெலுலோசு மெருகு மெல்லியது. 1960 களின் பிற்பகுதியில் அங்கே தடித்த பொலியெஸ்ரர் பூச்சு இடம்பிடித்தது. அது கடினமானது, பளபளப்பானது, ஆனால் நொறுங்கும் இயல்புடையது. துளையின் வாயிலும் சுவரிலும் பூச்சுப் படியும்போது துளை ஒடுங்குகின்றது. அதற்குள் முன்னைய அளவுடைய உலோகத்தை அழுத்தினால், உலோகம் முதலில் மோதுவது பூச்சின் விளிம்பிலாகும். கண்ணாடியிற் கல் பட்டாற்போலத் துளையைச் சுற்றிச் செதில்கள் தெறிக்கும்.

கழுத்து அமரும் பள்ளத்திலும் இதே நிலை காணப்படுகின்றது. பூச்சினால் ஒடுங்கிய பள்ளத்தினுள் கழுத்தை வலிந்து இறக்கினால் பள்ளத்தின் மெல்லிய சுவரோரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். பழைய ஃபெண்டர் கருவிகள் பலவற்றில் அவ்வெடிப்பு இன்றும் காணத்தக்கது. மறுதலையாக, பள்ளம் அகன்றுவிடின் கழுத்துப் பக்கவாட்டில் அசையும். தந்திகள் விளிம்பைவிட்டு விலகும். 1965 இல் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்திற்கு 1 கோடி 30 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. உற்பத்தி பெருகியது. 1971 முதல் ஸ்ராற்றோகாஸ்ரரின் கழுத்து நான்கிற்குப் பதிலாக மூன்று முடுக்கிகளால் பொருத்தப்பட்டது. அக்காலக் கருவிகளின் கழுத்து அசைகின்றது என்ற குறை எழுந்தபோது பலரும் மூன்று முடுக்கிகளையே குற்றஞ்சாட்டினர். எனினும் பள்ளத்தின் அளவு பேணப்பட்ட கருவிகளில் அதே மூன்று முடுக்கிகள் உறுதியாக நின்றமையை நோக்குமிடத்து, குறை முடுக்கியின் தொகையில் மட்டும் இருந்ததன்று; அளவைப் பேணவேண்டிய உழைப்பிற்கு உற்பத்தியின் வேகம் இடங்கொடாமையிலும் இருந்தது என்பது தெளிவாகும்.

இவ்விடத்திற் பெயர் மறைந்த தொழிலாளரைப் பற்றியும் குறிப்பிடல் தகும். ஃபெண்டர் தொழிற்சாலையின் கழுத்து வேலையாளர் கழுத்தின் அடியிலே பென்சிலால் திகதியையும் தம் பெயரின் முதலெழுத்துக்களையும் எழுதும் வழக்கமுடையோராய் இருந்தனர். 1950 களின் கழுத்துக்கள் பலவற்றிற் காணப்படும் 'ரி.ஜி.' என்னும் எழுத்துக்கள் ததேயோ கோமெஸ் என்னும் தொழிலாளருடையவை. விளம்பரங்களில் இடம்பெறாத அக்கையெழுத்து, பொருத்தின் இருளிலே பாதுகாக்கப்பட்டது. திருகாணியைக் கழற்றிய திருத்துநரே அதனை முதலில் வாசித்த வரலாற்றாசிரியர் ஆனார்.

மாற்றங்களின் காலம்

1966 இல் எரிக் கிளாப்ரன், ஜோன் மேயோலின் குழுவோடு வெளியிட்ட இசைத்தட்டு, 1960 உடன் கைவிடப்பட்டிருந்த பழைய லெஸ் போல் வடிவத்திற்குப் புதுமதிப்பை ஏற்படுத்திற்று. கிப்சன் நிறுவனம் 1968 இல் அதனை மீண்டும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அக்காலத்திற் பழங்கருவி என்பது தொழிற்கருவியே, காட்சிப்பொருளன்று. ஆதலால் அதனைத் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளக் கலைஞர் தயங்கவில்லை. க்ளூசன் நிறுவனத்தின் பழைய முறுக்காணிகளை அகற்றிக் குறோவர் முறுக்காணிகளைப் பூட்டுதல் பரவலான வழக்கமாயிற்று. முன்னையவற்றிற்கு ஏறத்தாழ 8.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை போதும். பின்னையவற்றிற்கு 10 மில்லிமீற்றர் வரை தேவை. 1970 களின் பிற்பகுதியில் ஃபுளொயிட் றோஸ் உருவாக்கிய தந்திப்பூட்டு அமைப்பு பிரபலமானபோது, உடலிற் பெரும் பள்ளங்களும் இரு புதிய ஆணித்துளைகளும் குடையப்பட்டன.

ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட மரம் அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் வெட்டிய மரம் மீளாது. பழைய முறுக்காணியை மீண்டும் பொருத்த விரும்பினால் இடைவெளியை நிரப்ப வேறொரு வளையம் வேண்டும். துளையின் மூல அளவும், அதன் சுவரில் இருந்த பழைய மெருகும், முதன்முதலில் அங்கே அழுத்தப்பட்ட புஷ்ஷின் பற்தடமும் அழிந்துவிடும். கருவியின் காலத்தையும் உண்மையையும் துணிவதற்கு ஆய்வாளர் நாடுவது இத்தடங்களையே. ஒரு கல்வெட்டின் எழுத்தைப் புதுப்பிப்பதாக எண்ணி உளியால் ஆழப்படுத்துவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

சேதமின்றிப் பொருத்தும் முறை

இவ்வனுபவங்களின் விளைவாகத் திருத்துநரிடையே ஒரு தொழில்முறை உருவாயிற்று. அதன் முதல் விதி, அளந்த பின்னரே அழுத்துதல் என்பதாகும். புஷ்ஷின் வெளிவிட்டத்தை அதன் வரைகளின் உச்சியிலும் அடியிலும் வேணியர் இடுக்கிமானியால் அளந்து, துளையின் விட்டத்தோடு ஒப்பிடவேண்டும். வரைகளின் உச்சி மட்டுமே மரத்தைக் கவ்வவேண்டும். குழலின் உடல் முழுவதும் மரத்தைத் தள்ளுமாயின் அது ஆப்பாகிவிடும். புதிய துளையாயின் அதே மரத்தின் கழிவுத்துண்டிலே முதலில் துளைத்துப் பார்த்தல் நன்று.

இரண்டாவது, துளையின் வாயிலுள்ள மெருகை விடுவித்தல். கூரிய கத்தியால் விளிம்பைச் சுற்றிக் கீறி, பின்னர் கூம்பு அலகைக் கையாற் சுழற்றி மெல்லிய சரிவு அமைக்கவேண்டும். அலகை எதிர்ப்புறமாகச் சுழற்றின் அது மெருகைக் கவ்விப் பெயர்க்காது சுரண்டிச் செல்லும். உலோகம் இறங்கும்போது மெருகைத் தொடாது மரத்தை மட்டும் தொடுவதற்கு இச்சரிவு வழிவகுக்கும்.

மூன்றாவது, துளை சிறிதாயின் அதனைப் பெருப்பிக்கும் முறை. முன்பே உள்ள துளையில் துறப்பண அலகைச் செலுத்தினால், அதன் முனைக்கு நடுவே மரம் இல்லாமையால் அலகு ஒருபுறம் கவ்வி விளிம்பைக் கிழிக்கும். கூம்புவடிவான துளைவிரிப்பியாலோ, கோலிற் சுற்றிய அரத்தாளாலோ சிறிது சிறிதாக அகற்றி, இடையிடையே பொருத்திப் பார்ப்பதே ஏற்றது. எடுத்த மரத்தைத் திருப்பி வைக்க இயலாது. எடுக்காத மரத்தை எப்போதும் எடுக்கலாம்.

நான்காவது, அடித்தலைத் தவிர்த்து அழுத்துதல். சுத்தியலின் ஒவ்வோர் அடியும் சற்றே கோணலாக விழும். புஷ் சாய்ந்து ஒருபுறச் சுவரை நசுக்கும். நிலைத்துறப்பணத்தின் மின்னிணைப்பை நீக்கி, அதன் தண்டை அழுத்தியாகப் பயன்படுத்தினால் விசை செங்குத்தாக இறங்கும். தலைப்பகுதியில் முறுக்காணிகளுக்குரிய புஷ்ஷாயின், துளையினூடாக நீண்ட முடுக்கியைச் செலுத்தி, இருபுறமும் மென்மரத் துண்டுகளை வைத்து, சுரையை மெல்லத் திருகினாற் புஷ் தானாக உள்ளே இழுக்கப்படும். இடையில் எதிர்ப்பு மிகுமாயின் நிறுத்திக் காரணத்தைத் தேடவேண்டும், விசையைக் கூட்டலாகாது.

கழற்றுதலுக்கும் முறையுண்டு. ஆழ்ந்த புஷ்ஷை நெம்பினால் மேப்பிள் முகப்புப் பெயரும். அதன் அடியிலே குறுகிய இரும்புத் துண்டொன்றை இட்டு ஆணியைத் திருகினால், ஆணி அத்துண்டில் ஊன்றிப் புஷ்ஷை மேலே உயர்த்தும். மெருகால் ஒட்டுண்ட பூணைப் பற்றாசுக் கோலால் இளஞ்சூடேற்றின் பிடி தளரும். புவித்தொடர்புக் கம்பி அறாமற் காத்தலும் வேண்டும். மேப்பிளில் திருகாணியை முடுக்குமுன் புரியில் மெழுகு தடவல் நலம். சவர்க்காரம் ஈரத்தை ஈர்த்துத் துருவை உண்டாக்கும். தளர்ந்த துளையை நிரப்பும்போதும் அதே மரத்தால் நிரப்பி மீண்டும் துளைத்தலே முறை.

இவ்விதிகள் யாவற்றிற்கும் அடியில் ஒரே தத்துவம் உண்டு. மரமும் உலோகமும் முரண்படும்போது மாறவேண்டியது எது என்பதைக் கைவினைஞன் முன்கூட்டியே தீர்மானிக்கின்றான். புஷ் கடையிற் கிடைக்கும், வேறொன்று வாங்கலாம். உடலோ மீளக் கிடைக்காது. ஆகவே முடிந்தவிடத்தெல்லாம் உலோகத்தை மரத்திற்கு இணங்கச் செய்வதும், மீளக் கழற்றத்தக்க வகையிற் பொருத்துவதும், மரத்தை வெட்டுவதை இறுதிவழியாகக் கொள்வதும் அவனது நெறியாகின்றன.

முடிவுரை

மின்கிற்றாரின் வரலாறு மின்னியலின் வெற்றி வரலாறாக மட்டும் எழுதப்படுமாயின் அது அரைகுறை வரலாறே. காந்தச் சுருளைக் கண்டவர் பெயர் காப்புரிமைப் பத்திரத்தில் உள்ளது. துளையின் வாயில் எவ்வளவு சரிவு வேண்டும் என்பதைக் கண்டவர் பெயர் எங்குமில்லை. எனினும் முன்னதன் ஒலி இன்றுவரை கேட்பதற்குப் பின்னதன் அறிவும் காரணமாயிற்று. புல்லற்றனிலும் கலமசூவிலும் பெறப்பட்ட விடைகள் வேறுபட்டன. ஆயினும் அளவைப் பேணும் கையும் நேரமும் இல்லாதவிடத்து இரண்டும் ஒருங்கே தோற்றன. தொழில்நுட்ப வரலாற்றை ஆராயப் புகும் மாணவர், சாதனங்களைக் கண்டுபிடித்தோரின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடாது, அச்சாதனங்களின் பொருத்துக்களையும் வெடிப்புக்களையும் துளைகளையும் வாசிக்கப் பழகுதல் வேண்டும். எழுத்திற் பதியாத உழைப்பின் வரலாறு பெரும்பாலும் அங்கேதான் பதிந்துள்ளது. அவ்வுழைப்பாளர் விட்டுச்சென்ற ஏட்டைக் கிழிக்காமற் பேணும் பொறுப்பும், இன்று அத்துளைகளில் உலோகத்தைப் பொருத்தும் கைகளுக்கு உண்டு.